அடாப்டிவ் நுழைவுத் தேர்வு: “எல்லாமே கஷ்டமா வந்துது” என்று அழும் பிள்ளையை எப்படித் தயார்செய்வது?

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம். என் மகளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. அடுத்த பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. கணினியில்தான் எழுத வேண்டும், அதுவும் அடாப்டிவ் முறை. ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினியே எடுத்துக் கொடுக்கும். பதிலை உறுதிசெய்துவிட்டால் பின்னால் போய்த் திருத்த முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு மாதிரித் தேர்வு எழுத வைத்தேன். முடித்துவிட்டு வந்தவள் முகமே சரியில்லை. “அம்மா, எல்லாமே கஷ்டமா வந்துது. ஒண்ணை முடிச்சா அதைவிடக் கஷ்டமா இன்னொண்ணு வருது. நான் ஃபெயில்தான்” என்று ஒரே அழுகை. தாளில் எழுதினால் 100-க்கு 90-க்குக் குறையாமல் வாங்குகிறவள் இவள்.

இரண்டு கேள்விகள். ஒன்று, முதல் ஐந்து கேள்விகளிலேயே மதிப்பெண் தீர்மானமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? இரண்டு, தடித்தடியாக மூன்று பயிற்சிப் புத்தகங்கள் வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றால் பயன் உண்டா, இல்லை எல்லாமே கணினியில்தான் செய்ய வேண்டுமா?

கணக்கு வாத்தியார் எழுதியது:

முதலில் மகளிடம் போய், அவள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள். கேள்விகள் கடினமாகிக்கொண்டே வந்தன என்றால் முந்தையவற்றுக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறாள் என்றுதான் பெரும்பாலும் பொருள்.

நான் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். 1-லிருந்து 100-க்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்வேன். அவர்கள் கேட்கிற எண்ணுக்கு ‘மேலே’ அல்லது ‘கீழே’ என்று மட்டும் பதில் சொல்வேன். 1, 2, 3 என்று வரிசையாகக் கேட்கிறவன் நொந்துபோவான். 50-ல் ஆரம்பித்து 75, 62 என்று பாதி பாதியாக வெட்டுகிறவன் ஏழு முயற்சிக்குள் பிடித்துவிடுவான். அடாப்டிவ் தேர்வு செய்வதும் ஏறக்குறைய இதேதான். நடுத்தரக் கேள்வியில் ஆரம்பித்து, சரியென்றால் மேலே, தப்பென்றால் கீழே என்று போய், பிள்ளையின் எல்லை எங்கே என்று தேடுகிறது. பிள்ளைக்கு மிகச் சுலபமான கேள்வி அதற்கு வீண். சரியாகச் சொல்வாள் என்று முன்பே தெரியுமே! மிகக் கடினமான கேள்வியும் வீண்தான். சரியாகவும் போகலாம், தப்பாகவும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்விதான் அதற்கு அதிகம் சொல்லும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையும் சுமாரான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு தப்பு செய்துவிட்டு வெளியே வரலாம். தாளில் 90 வாங்கிப் பழகியவளுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பாதிக் கேள்வி பிடிபடவில்லை. அவள் அழுதது அதற்காகத்தான்.

ஆகவே நீங்கள் தயார்செய்ய வேண்டியதில் முதல் இடம் பாடத்துக்கு இல்லை. ‘தெரியலை, சரி, அடுத்தது’ என்று நகரும் பழக்கத்துக்குத்தான். தாளில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளிடம்தான் அது பெரும்பாலும் இருக்காது. இருபது வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன்.

தூரிகை எழுதியது:

வாத்தியார் சார் சொன்னதில் முதல் ஐந்து கேள்வி விஷயம் விட்டுப்போயிற்று. அதில் நான் அடிபட்டவன்.

மேலாண்மை மேல்படிப்புக்காக ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதினேன். அதுவும் அடாப்டிவ்தான். பயிற்சி வகுப்பில், “முதல் பத்துக் கேள்விக்கு இரண்டு மடங்கு நேரம் கொடு, அங்கேதான் எல்லாம் இருக்கிறது” என்று மந்திரம் போல ஓதினார்கள். அப்படியே செய்தேன். கடைசியில் நான்கு கேள்விகள் தொடப்படாமலே நேரம் முடிந்தது. முடிக்காமல் விட்டால் அந்தத் தேர்வில் மதிப்பெண் பலமாக அடிவாங்கும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வகுப்புக்குக் கட்டிய பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நிரல்மொழி எழுதியது:

இப்படிப்பட்ட தேர்வு மென்பொருள் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

‘முதல் ஐந்து கேள்வி’ கதையில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது சாகாமல் சுற்றுகிறது. ஆரம்பத்தில் கணினியிடம் எழுதுபவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் அதன் கணிப்பு பெரிதாக ஆடும். பதினைந்து இருபது பதில்கள் சேர்ந்த பிறகு கொஞ்சமாகத்தான் நகரும். இதைப் பார்த்துவிட்டு ‘ஆரம்பத்தில்தான் எடை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் கடைசி மதிப்பெண் போடும்போது முதல் பதில், கடைசிப் பதில் எல்லாவற்றையும் சேர்த்து, அந்தந்தக் கேள்வியின் கடினத்தையும் வைத்துத்தான் கணிப்பு வருகிறது. முதல் இரண்டு கேள்வியில் கை தவறி வேறு விடையை அழுத்திவிட்டாலும் பிறகு வரும் பதில்கள் தூக்கி நிறுத்திவிடும். ஆகவே ஆரம்பத்தில் அவசரப்படாமல் இருப்பது நல்லது. மற்றதெல்லாம் கதை.

இன்னொன்று. “இப்ப சுலபமா வந்துச்சே, அப்ப முன்னாடி தப்பு பண்ணிட்டேனா?” என்று பிள்ளைகள் நடுவில் துப்பறிய ஆரம்பித்துவிடுவார்கள். இதைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் கடினம் ஒரு காரணம் மட்டுமே. பின்னத்தில் இத்தனை, வடிவியலில் இத்தனை என்று பாட விகிதம் பார்க்க வேண்டும். ஒரே கேள்வி எல்லோருக்கும் போய் வெளியே கசிந்துவிடாமல் பார்க்க வேண்டும். அதற்காகப் பொருத்தமான சில கேள்விகளிலிருந்து குலுக்கல் போல ஒன்றை எடுக்கும். பல தேர்வுகளில் மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகளும் நடுவே கலந்திருக்கும். புதுக் கேள்வியின் கடினத்தை அளக்கத்தான் அவை. ஆக, சுலபமான ஒரு கேள்வி வந்ததற்கு நான்கு காரணம் இருக்கலாம். உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் எது என்று சொல்லவே முடியாது, மென்பொருள் எழுதிய என்னாலும் முடியாது.

வெண்பனி எழுதியது:

எல்லோரும் இதைப் புகழ்ந்துகொண்டே போகிறீர்கள். எனக்கு இந்த முறையே பிடிக்கவில்லை. தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததை முதலில் எழுது, கடைசியில் ஒருமுறை சரிபார் என்றுதானே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம்? நல்ல பழக்கம் என்று கற்றுக்கொடுத்ததையே இந்தத் தேர்வு பிடுங்கிக்கொள்கிறது. என் மகன் பதற்றக்காரன். தாளில் கடைசிப் பத்து நிமிடத்தில் நான்கைந்து தவறுகளைப் பிடித்துவிடுவான். அவனுக்கு இது அநியாயம் இல்லையா?

நிரல்மொழி எழுதியது:

அநியாயம் என்று நீங்கள் சொல்வதை முழுக்க மறுக்க மாட்டேன். ஆனால் தடைக்குக் காரணம் இருக்கிறது. பின்னால் போக விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒருவன் வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்பாகப் போடுவான். கணினி ஐயோ பாவம் என்று சுலபமாகவே கொடுத்துக்கொண்டு வரும். கடைசியில் திரும்பிப் போய் எல்லாவற்றையும் சரியாக மாற்றிவிடுவான். இந்தத் தந்திரத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் குறையை உணர்ந்து சில தேர்வுகள் இறங்கியும் வந்திருக்கின்றன. இப்போதைய ஜிமேட்டில் ஒரு பகுதியை முடித்தபின் நேரம் மிச்சமிருந்தால் மூன்று பதில்கள் வரை மாற்றலாம். மேல்படிப்புக்கான இன்னொரு தேர்வான ஜிஆர்ஈ 1993-ல் கேள்விக்குக் கேள்வி மாறும் முறையைக் கொண்டுவந்தது. 2011-ல் அதைக் கைவிட்டுப் பகுதிக்குப் பகுதி மாறும் முறைக்குப் போய்விட்டது. அதில் ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம்.

படிக்கட்டு எழுதியது:

பகுதிக்குப் பகுதி என்றதும் நானும் வருகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வுக்கு நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்காவில் 2024 மார்ச்சிலிருந்து அது முழுக்கக் கணினிக்கு வந்துவிட்டது, மற்ற நாடுகளுக்கு அதற்கு ஒரு வருடம் முன்பே. வாசிப்பும் எழுத்தும் ஒன்று, கணிதம் ஒன்று என இரண்டு பிரிவு. ஒவ்வொன்றும் இரண்டு பாகம். முதல் பாகம் எல்லாருக்கும் கலவையாக வரும். அதில் செய்ததைப் பொறுத்து இரண்டாம் பாகம் கடினமானதாகவோ சுலபமானதாகவோ வரும். சுலபமான பாகத்துக்குப் போய்விட்டால் உச்ச மதிப்பெண்களை எட்ட முடியாது.

அதனால் ஓடைக்கரை அக்கா கேட்டவுடன் எல்லோரும் ஒரே பதில் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அடாப்டிவ் என்று ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு விலங்குகள் உலவுகின்றன. கேள்விக்குக் கேள்வி மாறுவதற்கு நகரும் பழக்கம் வேண்டும். பகுதிக்குப் பகுதி மாறுவதற்குப் பழைய பழக்கமே செல்லும். தெரியாத கேள்விக்குத் திரையில் கொடி போட்டு வை, முன்னே போ, திரும்பி வா. அங்கே முதல் பாகத்துக்கு நிஜமாகவே கூடுதல் கவனம் வேண்டும். கணிதத்தில் 22 கேள்விக்கு 35 நிமிடம், அதாவது ஒன்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். வாசிப்பில் 27 கேள்விக்கு 32 நிமிடம்தான். என் மாணவர்களில் பலர் முதல் பாகத்தின் சுலபமான கேள்விகளை ஓட்டமாக ஓடி, கவனக்குறைவில் கோட்டைவிட்டு, இரண்டாம் பாகத்தில் ‘இன்னிக்குப் பேப்பர் ஈஸி சார்’ என்று சிரித்துக்கொண்டு வருவார்கள். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கும்.

முதல் வேலையாக உங்கள் பள்ளியின் தேர்வு எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் போகலாமா, எத்தனை பகுதி, நடுவில் இடைவேளை உண்டா, தப்புக்கு மதிப்பெண் குறைப்பார்களா, இந்த நான்கும் போதும்.

ஓடைக்கரை எழுதியது:

எங்களுடையது கேள்விக்குக் கேள்வி மாறுவதுதான். பிரிட்டனின் தனியார் பள்ளிகள் பல சேர்ந்து பயன்படுத்தும் ஐஎஸ்ஈபி பொது முன்தேர்வு. கணிதம், ஆங்கிலம், சொற்களை வைத்துத் தருக்கம், வடிவங்களை வைத்துத் தருக்கம் என நான்கு பகுதி. எல்லாம் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகள். ஒரு கல்வியாண்டில் ஒருமுறைதான் எழுத முடியும், அதே முடிவைப் பல பள்ளிகள் பார்க்கும் என்பதால்தான் எனக்கு இவ்வளவு பயம். தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

வாத்தியார் சார், ‘நகரும் பழக்கம்’ என்கிறீர்கள். அதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? “கவலைப்படாதே” என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல இன்னும் அதிகமாகக் கவலைப்படுகிறாள்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

சொன்னால் வராது அம்மா. அட்டை வைத்து விளையாடுங்கள்.

அந்த மூன்று புத்தகங்களும் இப்போது உதவும். அவற்றிலிருந்து ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பின்னம் என்று வைத்துக்கொள்வோம். சிறிய அட்டைகளில் கேள்விகளை எழுதி மூன்று அடுக்காக வையுங்கள். பச்சை சுலபம், மஞ்சள் நடுத்தரம், சிவப்பு கடினம். சிவப்பில் அவள் இன்னும் படிக்காததும் ஒன்றிரண்டு இருக்கட்டும். மஞ்சளில் ஆரம்பம். சரியென்றால் அடுத்தது மேல் அடுக்கிலிருந்து, தப்பென்றால் கீழ் அடுக்கிலிருந்து. சிவப்பிலேயே சரி என்றால் சிவப்பிலேயே இருக்கும். இருபது அட்டை, இருபத்தைந்து நிமிடம். மணல் கடிகாரம் இருந்தால் நல்லது, செல்போன் வேண்டாம்.

விதி ஒன்றே ஒன்றுதான். பதில் சொன்னதும் அட்டையைக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்த்த அட்டையைத் தொடக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. முதல் இரண்டு நாள் கை பரபரக்கும். மூன்றாம் நாளிலிருந்து அட்டையைக் கவிழ்க்கிற சத்தமே மாறும், கவனித்துப் பாருங்கள்.

பிறகு முக்கியமான வேலை. அவள் தேர்வு வைக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். நீங்களும் சிவப்பில் மாட்டிக்கொண்டு விழிப்பதை அவள் பார்க்க வேண்டும். அம்மாவுக்கும் தெரியாத கேள்வி உண்டு என்று பார்த்த பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.

இந்த முறை கணினியோடு பிறந்ததில்லை என்பதும் தெரிந்துகொள்ளுங்கள். 1905-ல் பிரான்சில் ஆல்ஃபிரட் பினே செய்த குழந்தைகளின் அறிவுத்திறன் சோதனைக்குப் பிறகு வந்த வடிவங்களில், பிள்ளையின் வயதுக்கேற்ற இடத்தில் ஆரம்பித்து, பதிலைப் பார்த்து மேலேயோ கீழேயோ போவார்கள். வாய்மொழித் தேர்வு வைக்கிற எந்த ஆசிரியரும் அதைத்தான் செய்கிறார். கணினி வந்து அதற்குக் கணக்கும் வேகமும் கொடுத்தது.

மழைக்குருவி எழுதியது:

அட்டை யோசனை அருமை. ஆனால் ஒன்று. அட்டையில் பழகிவிட்டுத் திரையில் உட்கார்ந்தால் வேறு மாதிரி இருக்கும். என் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் 68 என்று இருந்ததைத் தாளில் 86 என்று எழுதி, கணக்கை அழகாக, ஒரு பிழையும் இல்லாமல் போட்டு முடித்தான். விடைகளில் அது இல்லை. உடனே பதறி, பக்கத்தில் இருந்த எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டான். கணக்கு தெரியாமல் இல்லை, திரையிலிருந்து தாளுக்கு வருகிற வழியில் எண் இடம் மாறிவிட்டது.

அதன்பிறகு நாங்கள் செய்தது இதுதான். வெள்ளைத் தாளை நான்காக மடித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு கேள்வி. முதலில் எண்களை எழுதுவது, உடனே ஒருமுறை திரையைப் பார்த்து விரலை வைத்துச் சரிபார்ப்பது, அப்புறம்தான் கணக்கு. கடைசியில் சரிபார்க்க முடியாது என்பதால் சரிபார்ப்பதை முன்னால் நகர்த்திவிட்டோம். வெண்பனி சொன்ன பதற்றக்கார மகனுக்கும் இது உதவலாம். வடிவியல் படத்தில் திரைமேல் கோடு போட முடியாது, அதனால் படத்தைத் தாளில் வரையவும் பழக்க வேண்டியிருந்தது. நீளமான பத்தி வந்தால் பக்கத்தை நகர்த்தி நகர்த்திப் படிப்பதும் தனிப் பயிற்சிதான்.

வெண்பனி எழுதியது:

சரிபார்ப்பதை முன்னால் நகர்த்துவது... இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. முறை பிடிக்கவில்லை என்பது மாறவில்லை, ஆனால் இதைச் செய்து பார்க்கிறேன்.

தூரிகை எழுதியது:

தெரியாததில் ஊகித்துப் போடலாமா என்று யாரும் கேட்கவில்லையே. ஊகம் தற்செயலாகச் சரியாகிவிட்டால் அடுத்து இன்னும் கடினமானது வந்து மாட்டிக்கொள்ள மாட்டோமா?

நிரல்மொழி எழுதியது:

வரட்டுமே! அதைத் தப்பாகப் போட்டால் கணிப்பு தானாக இறங்கிவிடும், நஷ்டம் இல்லை. நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடி அழுத்தினாலும் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதைப் பல தேர்வுகளின் கணக்கிலேயே சேர்த்திருப்பார்கள். மதிப்பெண் குறைக்காத தேர்வில் அபத்தமான இரண்டை அடித்துவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரே கேள்வியோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் நேரமில்லாமல் தவிப்பதுதான் நஷ்டம்.

இன்னொரு வேண்டுகோள். “எத்தனை சரி?” என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 24 சரியாகப் போட்டிருந்தாலும் ஒருத்தி சிவப்பு அட்டைகளில், ஒருத்தி பச்சை அட்டைகளில் என்றால் மதிப்பெண் வேறுவேறு. ஐஎஸ்ஈபி போன்றவற்றில் வயதையும் கணக்கில் எடுத்துத் தரப்படுத்திய மதிப்பெண்தான் வரும். 100 என்றால் அந்த வயதுக்குச் சராசரி. 108 வந்ததைப் பார்த்து “100-க்கு மேலேயே வாங்கியிருக்கியே” என்று இனிப்பு கொடுத்தவர்களும் உண்டு, “எத்தனைக்கு 108?” என்று குழம்பியவர்களும் உண்டு.

படிக்கட்டு எழுதியது:

மாதிரித் தேர்வு பற்றியும் ஒரு வரி. தேர்வு நடத்துகிறவர்களே தரும் மாதிரியை முதலிலேயே தீர்த்துவிடாதீர்கள். எஸ்ஏடிக்கு அவர்களுடைய புளூபுக் செயலியில் அடாப்டிவாகவே முழுத் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. என் மாணவர்கள் முதல் வாரமே எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, “இனி எதை எழுதுவது?” என்று வந்து நிற்பார்கள். மற்ற தளங்களில் ‘அடாப்டிவ்’ என்று போட்டிருப்பவை பல வெறும் வரிசைக் கேள்விகள்தான். எல்லாம் தப்பாகப் போட்டு ஒருமுறை, எல்லாம் சரியாகப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் அதே கேள்விகள் வந்தால் சாயம் வெளுத்துவிடும்.

ஓடைக்கரை எழுதியது:

மூன்று வாரம் ஆயிற்று. அட்டை விளையாட்டு எப்படிப் போனது என்று சொல்ல வந்தேன்.

முதல் நாள் ஏழாவது அட்டையிலேயே அழுகை. கவிழ்த்த அட்டையை எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினாள், நான் தடுத்தேன், அட்டைகளையெல்லாம் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். வாத்தியார் சார் ‘மூன்றாம் நாள்’ என்றார், எங்கள் வீட்டில் எட்டு நாள் ஆயிற்று. மாற்றம் வந்தது அவள் எனக்குத் தேர்வு வைத்த அன்றுதான். வடிவத் தருக்கத்தில் நான்கு சிவப்பு அட்டையில் தொடர்ந்து மாட்டினேன். ஐந்தாவதில் யோசித்துக்கொண்டே இருந்தபோது, “அம்மா, மணல் தீருது. ஏதாவது ஒண்ணைச் சொல்லிட்டுக் கவுத்துப் போடு” என்றாள். பேசாமல் கவிழ்த்தேன்.

தேர்வு அடுத்த வாரம். கடைசி நேர யோசனை ஏதாவது?

கணக்கு வாத்தியார் எழுதியது:

முந்தின இரண்டு நாள் புதிதாக எதுவும் வேண்டாம். அட்டைகளை எடுத்துப் பரணில் வையுங்கள். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

முடிந்தது. முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது.

கேட்கவே இல்லை சார், நாக்கைக் கடித்துக்கொண்டு காரை ஓட்டினேன். பாதி வழியில் அவளே பேச ஆரம்பித்தாள். நாற்காலி உயரமாக இருந்ததாம், கால் தரையில் படவில்லையாம். பக்கத்துப் பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தானாம். மவுஸ் சரியாக நகரவில்லையாம். கேள்விகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, “கணக்குல ஒண்ணு வந்துது, சுத்தமாப் புரியலை. பி-ன்னு போட்டுட்டு வந்துட்டேன். எனக்குப் பசிக்குது” என்றாள்.

மூன்று அடுக்கு அட்டைகளும் அப்படியே இருக்கின்றன. வெண்பனி, உங்கள் மகனுக்கு வேண்டுமென்றால் படம் எடுத்து அனுப்புகிறேன். சிவப்பில் இரண்டு கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது, அதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.